எடுத்தவர் அடைக்கலராஜ்

இடது காலுக்குச் சாக்ஸ் மாட்டியாகிவிட்டது. வலது கால்தான் அடம் பிடித்தது. இன்னாசிமேரி முப்பது வருடத்துக்கு மேல் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எத்தனையோ பேரைத் துடைத்து, உடுத்தி அனுப்பியிருக்கிறாள். ஆனாலும் கணவரின் கட்டைவிரல் சாக்ஸுக்குள் போகாமல் நிமிர்ந்து நின்றபோது, "கொஞ்சம் வளைச்சுக் குடுங்களேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

கதவருகே நின்ற மகள் சிந்தியா திடுக்கிட்டுப் பார்த்தாள். சிதம்பரத்தில் டீச்சராக இருப்பவள். செய்தி கேட்டதும் நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கிளம்பி வந்திருந்தாள்.

"அம்மா, யார்கிட்ட பேசுற?"

"உங்கப்பாகிட்டதான். வேற யாரு இருக்காங்க இங்க?"

சிந்தியா வந்து அப்பாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து இழுத்ததில் சாக்ஸ் ஏறியது. பிறகு மேரி அவருடைய விரல்களைக் கோத்து, செபமாலையைச் சுற்றிக் கட்டினாள். கட்டிய பிறகு அந்தக் கையை விட மனம் வரவில்லை. காலையில் எழுந்து பல் துலக்கப் போனவர், போன வழியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். நெஞ்சை அழுத்தி அழுத்தி அவள் கைதான் இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

வாசலில் தெருப் பையன்கள் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டி முடித்திருந்தார்கள். "ஓய்வுபெற்ற நூலகர் திரு. அடைக்கலராஜ்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சிந்தியா அதைப் பார்த்துவிட்டு, "அப்பா எப்பம்மா நூலகரா இருந்தாரு? எப்ப ரிட்டயர் ஆனாரு? கழட்டச் சொல்றேன்" என்று கிளம்பினாள். மேரி தடுத்துவிட்டாள். நூலகர் என்பது அவரே பரப்பிய கதைதான். பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

தன் வேலையைக் கல்யாண வீடுகளில் உறவுக்காரர்களுக்கு விளக்க அந்த மனிதர் படாத பாடு பட்டிருக்கிறார். கனடாவில் வயதானவர்களுக்குப் பென்ஷன் கொடுக்கிற ஒரு கம்பெனி. அதன் கணக்கு வழக்கெல்லாம் ஒரு பெரிய, பழைய கம்ப்யூட்டரில். ராத்திரிதோறும் அதையெல்லாம் டேப்பில் நகல் எடுத்து வைப்பார்கள். உள்ளங்கை அகலத்தில் ஆயிரக்கணக்கான டேப்புகள், ஓர் அறை அளவு இரும்புக் கூண்டுக்குள் அடுக்கடுக்காக இருக்கும். உள்ளே மனிதர் கிடையாது. ஓர் இயந்திரக் கை தண்டவாளத்தில் ஓடி, கேட்ட டேப்பை எடுத்து வந்து மாட்டும். வேலை முடிந்ததும் பழைய இடத்தில் வைக்கும். எந்த டேப் எந்தத் தட்டில் இருக்கிறது, எதை எந்தத் தேதிவரை அழிக்கக்கூடாது, எது காலாவதியாகி மறுபடி எழுதத் தயாராக இருக்கிறது என்றெல்லாம் அந்தக் கைக்குச் சொல்வதற்கு ஒரு சாஃப்ட்வேர் உண்டு. சிந்தியாவைவிட மூத்த சாஃப்ட்வேர். அதைப் பார்த்துக்கொள்வதுதான் அடைக்கலராஜின் வேலை. சென்னையில் இருந்து பார்த்தார்; கொரோனா வந்த பிறகு திருப்பாதிரிப்புலியூரில் இந்த வீட்டு முன்னறையில் இருந்து பார்த்தார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "டேப்பா மாமா? பாட்டு கேக்குறதா?" என்பார்கள். அலுத்துப்போய், "லைப்ரரியன்" என்று ஒரே சொல்லில் முடிக்க ஆரம்பித்தார்.

அந்த இயந்திரக் கைக்கு அவர் வைத்த பெயர் சூசை. "ஓயாம வேலை செய்யிறான், ஒரு வார்த்தை பேசமாட்டேங்கிறான். சூசையப்பர் மாதிரி" என்று இயேசுவை வளர்த்த தச்சரை உவமை சொல்வார். சாப்பிட உட்காரும்போது, "சூசை இன்னிக்கு நல்லா ஓடினான் மேரி" என்று நலம் சொல்வார். பார்க்காத அந்த இரும்புக் கையை ஒரு கொழுந்தனைப்போல மேரியும் விசாரித்துப் பழகிவிட்டாள்.

உடலை முன்னறையில் ஐஸ் பெட்டிக்குள் கிடத்தினார்கள். தலைமாட்டில் சிலுவை, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. தெருவின் செபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் கிரேசி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே மன்றாட்டுமாலை சொல்லத் தொடங்கினாள். ஒவ்வொரு புனிதர் பெயருக்கும், "இவருக்காக வேண்டிக்கொள்ளும்" என்று எல்லோரும் பதில் சொன்னார்கள்.

"புனித சூசையப்பரே..."

காலையில் செய்த காரியம் மேரிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கனடாவில் ஏதாவது கோளாறு என்றால் ஃபோன் வரும். மனிதர் பேசமாட்டார்கள். பதிவு செய்த ஒரு பெண் குரல், என்ன கோளாறு என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, பொறுப்பை ஏற்றுக்கொள்ள ஒன்றை அமுக்கச் சொல்லும். அமுக்கிவிட்டால், ஆள் பார்த்துக்கொள்கிறார் என்று நிம்மதியாகிவிடும். அமுக்காவிட்டால் அடித்து ஓய்ந்து, அடுத்த ஆளுக்குப் போகும். அடுத்த ஆள் சிதம்பரத்தில் இருக்கும் தேவநாதன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து, ஒரே அறையில் தங்கி, மச்சான் மச்சான் என்றே கிழவர்களாகிவிட்ட இரண்டு பேர்.

அடைக்கலராஜ் குளிக்கப் போனால் லேசில் வரமாட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் ஃபோன் அடிக்கும். "மேரி, ஒண்ணு அமுக்கு!" என்று உள்ளிருந்தே கத்துவார். "உன் சக்களத்தி கூப்புடுறா பாரு, மச்சானுக்குப் போயிடப் போவுது, பாவம் இப்பதான் படுத்திருப்பான்!" அவளும் மாவுக் கையோடு ஓடி வந்து அமுக்குவாள். அமுக்கிய மறு நிமிடம் அவர் துண்டைக் கட்டிக்கொண்டு, நுரையோடு வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவார். "ஒண்ணு அமுக்குனா வாக்குக் குடுத்த மாதிரி. எடுத்தா முடிக்கணும்" என்பார். சிதம்பரத்திலும் அப்படித்தான் நடக்கிறது என்று தேவநாதனின் மனைவி சொல்லியிருக்கிறாள்.

இன்று காலை அவரைத் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோது அவருடைய ஃபோன் அடித்தது. அதிலிருந்துதான் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டிருந்தாள். அவர்கள்தான் வழி கேட்கிறார்கள் என்று எடுத்தாள். அந்தப் பெண் குரல். என்ன சொல்கிறது என்று யோசிப்பதற்குள் கட்டைவிரல் தானாக ஒன்றை அமுக்கிவிட்டது. ஃபோனைப் போட்டுவிட்டு மறுபடி நெஞ்சில் கை வைத்தாள். அப்போதே அவர் இல்லை. நர்ஸுக்கு அது தெரிந்துவிட்டது, மனைவிதான் நிறுத்தாமல் அழுத்திக்கொண்டிருந்தாள்.

கிரேசி அடுத்த புனிதருக்குப் போய்விட்டாள். மேரி எழுந்து, அவருடைய ஃபோனை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட எடுத்துவிட்டு முடிக்காமல் போகாத மனிதரை, கடைசி நாளில் வாக்குத் தவறியவராக ஆக்கிவிட்டோமே என்று நெஞ்சு பதறியது. தேவநாதனை அழைத்தாள்.

"எங்க வர்றீங்கண்ணே?"

"ஆலப்பாக்கத்துகிட்ட வந்துட்டேன் தங்கச்சி. பஸ்ல நிக்க எடமில்ல. மாலையெல்லாம் நசுங்குது. மச்சான்..."

"அண்ணே, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். காலையில ஒண்ணு அமுக்கிட்டேன்."

பஸ் ஹாரனுக்கு நடுவே, "எப்படி தங்கச்சி?" என்றார்.

"ஆம்புலன்ஸ்காரங்கன்னு நெனைச்சு எடுத்தேன். கை தானா போயிடுச்சு. உயிர் போன பிறகு அவரு பேர்ல ஒத்துக்கிட்டேண்ணே."

"அழாத. என்னா சொன்னா அவ?"

"காலி டேப் கம்மியா இருக்குன்னா."

"அப்ப காலாவதி ஆனதைப் பிரிச்சுப் போடுற வேலை பாதியில நின்னுடுச்சு. கம்ப்யூட்டர் கேக்குற கேள்விக்குப் பதில் குடுத்துத் தட்டிவிட்டாத்தான் ஓடும். அங்க இப்பதான் ராத்திரி வேலை நடக்குது. மத்தியானத்துக்குள்ள காலி டேப் தீந்துடும். சூசை நின்னுடுவான்."

"மேனேஜருக்குச் சொல்லிடலாமா?"

"சொல்லலாம். ஞாயித்துக்கெழமை அவரு ஆள் தேடிப் புடிக்கிறதுக்குள்ள எல்லாம் நின்னுடும். அப்புறம் கனடாக்காரன் விளக்கம் கேப்பான். எழுதிக் குடுக்கணும். எடுத்தவர் அடைக்கலராஜ்னுதான் மொத வரியே வரும்."

"அப்படி வேணாண்ணே" என்றாள் மேரி. அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் உடைந்தது.

பின்னாலேயே வந்திருந்த சிந்தியாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "அப்பா அங்க படுத்திருக்காரு, உனக்கு இப்ப ஆபீஸா முக்கியம்?" என்றாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அப்பா லேப்டாப் இங்கதான் இருக்கு. விரல் வச்சா தொறக்கும்" என்றாள்.

ஃபோனில் அது தேவநாதனுக்குக் கேட்டுவிட்டது. "வேணாம் பாப்பா. செத்தவனை எழுப்பி இன்னொரு தடவ ஒத்துக்க வைக்கிறதா? என் பேர்ல, என் பொட்டியில செய்யணும். துக்கத்துக்குப் போறோமேன்னு அதை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்." பிறகு பஸ்ஸுக்குள் யாரையோ நோக்கிக் கத்தினார். "நிறுத்துப்பா! எறங்கணும்!"

"அண்ணே, நாலு மணிக்கு எடுக்குறாங்க. நீங்க அவரு மொகத்தைப் பாக்க வேணாமா?"

"பாக்கணும் தங்கச்சி. பாக்காம எப்படி? ஆனா அவன் எடுத்ததை யாராவது முடிக்கணும்ல. நான் போயி முடிச்சுட்டு வந்துடுறேன். நான் வர்ற வரைக்கும் மட்டும் மூடாம பாத்துக்க."

"சரிண்ணே. நான் பாத்துக்கறேன்" என்றாள் மேரி.

சொல்லிவிட்ட பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. இந்தக் கோயில் பங்கில் சவப்பெட்டியை வீட்டிலேயே மூடித்தான் கோயிலுக்கு எடுத்துப் போவார்கள். மூடினால் மூடியதுதான், கல்லறையில் திறப்பதில்லை. சாமியாருக்கு மாலையில் கிளைக் கிராமத்தில் வேறு பூசை இருந்தது.

மதியம் போனது. வந்தவர்களெல்லாம் அழுதார்கள், காப்பி குடித்தார்கள், வெயிலைத் திட்டினார்கள். பாரிஸில் இருக்கும் அடைக்கலராஜின் தங்கை அவர் நம்பருக்கே வீடியோவில் வந்து, அண்ணன் முகத்தைக் காட்டச் சொல்லி அழுதாள். மேரி ஃபோனைக் கையிலேயே வைத்திருந்தாள். தேவநாதனிடமிருந்து ஒரே ஒரு முறை அழைப்பு வந்தது. "ஒரு டேப் சிக்கியிருக்கு தங்கச்சி. அங்க ஒருத்தன உள்ள அனுப்பி எடுக்கச் சொல்லிருக்கேன். நேரமாவும்போல இருக்கு."

மூன்றரைக்கு உடலைச் சவப்பெட்டிக்கு மாற்றினார்கள். கோயில் மணி ஒவ்வொன்றாக விழ ஆரம்பித்தது. சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் அந்தோணிசாமி மூடியைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்து, கடைசி முத்தம் கொடுக்கிறவர்கள் கொடுக்கலாம் என்றார். எல்லோரும் கொடுத்தார்கள். மேரியும் நெற்றியில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, பெட்டியின் விளிம்பில் கையை வைத்தபடி அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

"மூடலாமாம்மா?" என்றார் உபதேசியார்.

"இன்னும் ஒருத்தர் வரணும்."

"யாரு? சொந்தக்காரங்க எல்லாம் வந்தாச்சே?"

"சிதம்பரத்துலேருந்து. அவரு கூட வேலை பாக்குறவரு."

"நேரா கல்லறைக்கு வரச் சொல்லுங்கம்மா. சாமியார் காத்துக்கிட்டு இருப்பாரு."

"அங்க வந்தா பொட்டியத்தான பாப்பாரு."

உபதேசியார் சங்கடத்தோடு கிரேசியைப் பார்த்தார். கிரேசி குனிந்து, "அண்ணி, போனவரு போயிட்டாரு, ரொம்ப நேரம் வைக்கக் கூடாது" என்று தோளைத் தொட்டாள். பாவம், பிரிய மனமில்லாமல் சாக்குச் சொல்கிறாள் என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். ஒன்று அமுக்கின கதையை இந்தக் கூட்டத்துக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? மேரி கையை மட்டும் எடுக்காமல் இருந்தாள்.

கடைசியில் சிந்தியாதான் எழுந்தாள். "ஃபாதர்கிட்ட நான் போய்ப் பேசிட்டு வர்றேன். அதுவரைக்கும் யாரும் மூடியத் தொடாதீங்க" என்று சொல்லி, செருப்பைக்கூடத் தேடாமல் கோயில் பக்கம் நடந்தாள். நடையைப் பார்த்தால் அப்படியே அப்பாதான்.

மணி நாலைத் தாண்டியது. பேண்டுக்காரர்கள் இரண்டு தடவை ஊதி ஓய்ந்தார்கள். தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. தோளில் லேப்டாப் பையும், கையில் பூவெல்லாம் உதிர்ந்து நாராகிப்போன மாலையுமாக தேவநாதன் இறங்கி ஓடி வந்தார். அந்த உடம்புக்கு அது பெரிய ஓட்டம். கூட்டம் வழிவிட்டது.

அவர் மாலையைக் காலடியில் வைத்தார். குனிந்து, நண்பனின் காதருகே வாயைக் கொண்டுபோனார்.

"மச்சான், முடிச்சுட்டேன். சூசை ஓடுறான்."

அப்புறம் அவர் அழுத அழுகையில் கிரேசியே ஒரு நிமிடம் தன் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மேரிக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. அவள் மெதுவாகக் கேட்டாள்.

"என்னான்னு எழுதுனீங்கண்ணே?"

"எடுத்தவர் அடைக்கலராஜ், முடித்தவர் தேவநாதன். அம்புட்டுதான். பாதி நாளு நாங்க எழுதுறதே அப்படித்தான். நான் எடுத்ததை அவன் முடிச்சிருக்கான், அவன் எடுத்ததை நான் முடிச்சிருக்கேன். யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க."

மேரி விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். "மூடுங்க" என்றாள்.

கல்லறையில் அவருடைய அப்பாவின் குழியைத்தான் திறந்து வைத்திருந்தார்கள். இடம் குறைவான கல்லறைத் தோட்டம். வருடங்கள் கடந்துவிட்டால் அதே குடும்பத்து அடுத்த ஆளை அங்கேயே வைப்பார்கள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் அடைக்கலராஜ் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, "எங்கப்பாவுக்குத் தேதி முடிஞ்சுபோச்சு மேரி. அடுத்து இது எனக்குத்தான்" என்று கண்ணைச் சிமிட்டுவார். நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு என்று அவள் திட்டுவாள். இப்போது ஒரு பிடி மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தக் கண் சிமிட்டல் ஞாபகம் வந்து, அழுகைக்கு நடுவில் லேசாகச் சிரிப்பும் வந்துவிட்டது. மண்ணைப் போட்டாள்.

திரும்பி வரும்போது தேவநாதன் அவளோடு நடந்தார்.

"தங்கச்சி, கோளாறுக்கு யாரைக் கூப்புடுறதுங்கிற லிஸ்ட்ட நாளைக்குத்தான் மாத்துவாங்க. அதுவரைக்கும் மச்சான் நம்பருக்குத்தான் மொதல்ல அடிக்கும். ஃபோனை அணைச்சு வச்சுடேன்."

"எப்படிண்ணே? சாவு கேட்டு எல்லாரும் இதுலதான் கூப்புடுறாங்க. பாரிஸ்லேருந்து இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்கா."

"அப்ப ஒண்ணும் செய்யாத. அவ கூப்பிட்டா எடுக்காத. அடிச்சு ஓஞ்சா தானா எனக்கு வந்துடும்."

மேரி தலையை ஆட்டினாள். எடுக்காமல் அதை அவள் ஒரு நாளும் விட்டதில்லை.

வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். ஐஸ் பெட்டி போய்விட்டதால் முன்னறை பெரிதாகத் தெரிந்தது. மூலையில் அவருடைய மேசையும் நாற்காலியும் மறுபடி பழைய இடத்துக்கு வந்திருந்தன. நாற்காலி முதுகில் அவர் துண்டு. பந்தலில் தேவநாதன் காப்பி டம்ளரோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடைசி பஸ் வரைக்கும் இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தார்.

மேரி மெழுகுவர்த்தி முன்னால் தரையில் உட்கார்ந்தாள். விளக்கு வைக்கிற நேரம். அவர் குளிக்கப் போகிற நேரம்.

மடியில் ஃபோன் அடித்தது.

நீளமான அந்த நம்பர் அவளுக்கு மனப்பாடம். கட்டைவிரல் எழுந்தது. அவள் அதை மடக்கி, புடவைத் தலைப்புக்குள் மற்ற விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஃபோன் விடாமல் அடித்தது. குளியலறைக் கதவு திறந்தே கிடந்தது. சிந்தியா ஓடி வந்து ஃபோனை எடுக்கக் கையை நீட்டினாள்.

"விடு பாப்பா" என்றாள் மேரி. "அடிக்கட்டும்."

அது அடித்தது. இவ்வளவு நேரம் அடிக்கும் என்பதே அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. ஒரு கட்டத்தில் நின்றது. பிறகு வெளியே, பந்தலில், தேவநாதனின் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது.

அவர் எடுத்து, காதில் வைத்துக் கேட்டார். விரலால் ஒரு முறை அமுக்கினார். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, லேப்டாப் பையை மடியில் எடுத்து வைத்தார். ஜிப்பைத் திறக்காமல் வாசல் வழியாக உள்ளே பார்த்தார்.

மேரி எழுந்தாள். மேசை விளக்கைப் போட்டாள். நாற்காலி முதுகிலிருந்த துண்டை எடுத்து, அதாலேயே மேசையை ஒரு தடவை துடைத்தாள்.

"உள்ள வந்து உக்காருங்கண்ணே" என்றாள். "வெளிய கொசு ஜாஸ்தி."